ஏரி தொலைந்த சனிக்கிழமை

"கோண்டாவில் போடு, சரியாகிவிடும்." கோண்டா என்பது மென்பொருள்களை நிறுவித்தரும் ஒரு கருவி. கடந்த ஏழெட்டு வருஷத்தில் இந்தப் பதிலை எத்தனை பேருக்கு அனுப்பியிருப்பேன் என்று எண்ணிப் பார்த்ததில்லை. பைத்தான் என்ற ப்ரோக்ராமிங் மொழியில் வரைபட வேலை ஆரம்பிக்கிற யாரும் முதல் நாளே, வரைபட ஃபைல்களைப் படித்துக்கொடுக்கும் லைப்ரரியான (ஆயத்த நிரல் தொகுப்பு) ஜிடாலில் போய் முட்டிக்கொள்வார்கள். அதை நம்பியிருக்கிற பேக்கேஜ்களில் ஃபியோனா ஏறாது, இல்லை ராஸ்டீரியோ ஏறாது. சிவப்பு எழுத்தில் ஐம்பது அறுபது வரியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவார்கள். நான் அதைப் பெரிதாக்கிப் படித்ததுகூடக் கிடையாது. படிக்காமலே பதில் தெரியும் என்ற நினைப்பு. பெரும்பாலும் சரியாகியும்விடும். இரண்டு கும்பிடு பொம்மையோடு நன்றி வரும். அத்தோடு இரண்டு பேரும் மறந்துவிடுவோம். ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமைக்குப் பிறகு என்னால் அந்தப் பதிலைப் பழையபடி அனுப்ப முடியவில்லை. கை டைப் செய்ய ஆரம்பிக்கும், பாதியில் நின்றுவிடும். ஏன் என்று எனக்கே விளங்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர்ப்பக்கத்துப் பெண், சங்கரன்கோவில். புவியியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு, பெங்களூரில் ஏரிகளை அளந்து கணக்கெடுக்கும் ஒரு சிறிய அமைப்பில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. மடிவாளாவில் பிஜி விடுதியில் தங்கியிருக்கிறாள். அவள் அம்மா என் அம்மாவிடம் சொல்ல, என் அம்மா என்னிடம் சொல்ல, அப்படித்தான் பழக்கம். அந்தச் சனிக்கிழமை காலையில் அல்சூரில் எங்கள் வீட்டுக்கு லேப்டாப் பையோடு வந்தாள். இட்லியைப் பிட்டு வைத்துவிட்டு, சாப்பிடாமல், "அக்கா, எனக்கு இந்த வேலை சரிப்படாதுன்னு தோணுது. ஊருக்கே போயிரலாமான்னு இருக்கு" என்றாள். அலுவலகத்தில் யாராவது ஏதாவது சொன்னார்களோ என்று நினைத்தேன். இல்லை. நாலு நாளாக ஒரு ஸ்கிரிப்டை ஓடவைக்க முடியவில்லை. அவ்வளவுதான் காரணம்.

நாலு நாள் நோட்டு

பையிலிருந்து ஒரு கோடு போடாத நோட்டை எடுத்துக் காட்டினாள். பதினோரு பக்கம். போட்டுப் பார்த்த ஒவ்வொரு கமாண்டையும் கையால் எழுதி, பக்கத்தில் பெருக்கல் குறி போட்டிருந்தாள். டிக் என்று ஒன்றுகூட இல்லை. நான் அதைப் புரட்டப் புரட்ட எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையின் நேர்த்தியான கையெழுத்து. ஒவ்வொரு பெருக்கல் குறியும் தன் பெயருக்கு எதிரே போட்டுக்கொண்டது மாதிரி இருந்தது.

அந்த ஸ்கிரிப்ட் 2018-ல் எழுதியது. எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். ஏரிகளின் எல்லைகள் இருக்கிற ஷேப்ஃபைலைப் படித்து, ஒவ்வொன்றின் பரப்பையும் ஏக்கரில் கணக்கிட்டுக் கொடுக்கும், இருநூறு வரிகூட இருக்காது. முதல் வரியே ஜிடாலைக் கேட்கிறது. பைத்தான் பேக்கேஜ்களை இறக்கித்தரும் பிப்பில் இவள் ஜிடாலைக் கேட்டிருக்கிறாள். சி++ நிரலைக் கட்டுவதற்கான பில்டு டூல்ஸ் வேண்டும் என்று வந்திருக்கிறது. பிஜி வைஃபை இழுக்காது என்று மொபைல் டேட்டாவில், இரண்டு ராத்திரி, பல ஜிபி இறக்கியிருக்கிறாள். அதை நிறுவியபின் அடுத்த எரர்: கட்டுவதற்குத் தேவையான ஜிடாலின் ஹெடர் ஃபைலைக் காணோம். ஜிடாலை நிறுவத்தானே வந்தேன், ஜிடால் இல்லை என்று ஜிடாலே சொன்னால் என்ன அர்த்தம் என்று அவள் குழம்பியதில் தப்பே இல்லை.

"உங்க அப்பா தோட்டத்துல பம்பு செட்டு இருக்குல்ல?" என்று கேட்டேன். "பிப் கொண்டுவந்து குடுக்கிறது சுவர்ல மாட்டுற சுவிட்ச் மட்டும்தான். மோட்டாரும் கிணறும் ஏற்கனவே இருக்கணும். அதுவும் அந்த சுவிட்சுக்குப் பொருந்துற மோட்டாரா இருக்கணும்." ஜிடால் என்பது 1998-ல் ஃப்ராங்க் வார்மர்டாம் எழுத ஆரம்பித்த சி++ லைப்ரரி. பைத்தானுக்கு அதில் மேலோட்டமான ஒரு இணைப்பு மட்டுமே உண்டு. உபுண்டு லினக்ஸில் லிப்ஜிடால்-டெவ் என்று கேட்டால் மோட்டார் வந்து இறங்கும், பிறகு அதே வெர்ஷன் எண்ணைச் சொல்லி பிப்பில் கேட்டால் பொருந்திவிடும். விண்டோஸில் அப்படிக் கேட்க இடமில்லை. அவளுக்கு வந்த எரர் இதைத்தான் சொல்லியிருக்கிறது. சுருக்கமாக, சரியாகவே சொல்லியிருக்கிறது. ஆனால் அதைப் படிக்க யாரும் அவளுக்குக் கற்றுத்தரவில்லை. நானும் யாருக்கும் கற்றுத்தந்ததில்லை.

நோட்டின் ஏழாம் பக்கம் என்னை இன்னும் உறுத்துகிறது. விண்டோஸ்காரர்களுக்குப் பல வருஷம் கைகொடுத்தவர் கிறிஸ்டோஃப் கோல்கே என்ற விஞ்ஞானி. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்து ஆய்வகம் ஒன்றில் இருந்துகொண்டு, ஜிடால் போன்ற முரட்டு லைப்ரரிகளை எல்லாம் தயாராகக் கட்டி, வீல் ஃபைலாக ஒரே பக்கத்தில் வைத்திருந்தார். 2022-ல் அந்த ஆய்வகத்துக்கு நிதி நின்றதும் அந்தப் பக்கமும் நின்றுபோனது. புவியியல் சார்ந்தவற்றை மட்டும் கிட்ஹப் என்ற நிரல் பகிரும் தளத்தில் தனியாகத் தந்துகொண்டிருக்கிறார். யாரோ சொல்லி இவளும் ஒரு பழைய வீல் ஃபைலை இறக்கியிருக்கிறாள். அது பைத்தான் 3.10-க்கானது, இவளிடம் இருந்தது 3.12. "இந்த பிளாட்ஃபாரத்துக்கு இந்த வீல் பொருந்தாது" என்று பிப் சொல்லியிருக்கிறது. பிளாட்ஃபாரம் என்றால் தன் லேப்டாப் என்று எடுத்துக்கொண்டாள். காலேஜில் வாங்கிய பழைய லேப்டாப், அதனால்தான் ஓடவில்லை என்று முடிவு கட்டி, புது லேப்டாப்புக்கு மாதம் எவ்வளவு தவணை வரும் என்று அந்தப் பக்கத்தின் ஓரத்தில் கணக்குப் போட்டிருந்தாள். வகுத்து, மீதி போட்டு, அடியில் இரண்டு கோடு. ஃபைல் பெயரின் நடுவில் இருக்கிற மூன்று எண்ணைப் படிக்கத் தெரிந்திருந்தால் அந்தக் கணக்குக்கு வேலையே இருந்திருக்காது.

கல்யாண்பூர் இருக்கிற ஃபைல்

சரி, கோண்டாவுக்கு வந்தோம். கோண்டாவை நான் குறை சொல்லவில்லை. பைத்தான் பேக்கேஜோடு அதற்கு அடியில் இருக்கிற ஜிடால், வடிவங்களைக் கணக்கிடும் ஜியோஸ், ஆயத்தொலைவுகளை (இடத்தைக் குறிக்கும் எண்கள்) மாற்றிக்கொடுக்கும் ப்ராஜ் எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று பொருந்துகிற வெர்ஷனில் சேர்த்தே கொண்டுவருகிறது. மோட்டார், குழாய், கிணறு, எல்லாம். பழைய என்விரான்மென்டில் (பேக்கேஜ்களுக்கான தனி அறை மாதிரி) கைவைக்காமல் புதிதாக ஒன்று திறந்து, எல்லாவற்றையும் கோண்டா-ஃபோர்ஜ் என்ற களஞ்சியத்திலிருந்து மட்டும் ஒரே தடவையில் கேட்டோம். பாதியைப் பிப்பிலும் பாதியைக் கோண்டாவிலும் போடுவதால் வருகிற சிக்கல்தான் நான் பார்த்ததில் அதிகம். இருபது நிமிஷத்தில் முடிந்தது. ஜிடாலைக் கேட்கிற அந்த முதல் வரி சத்தமில்லாமல் ஓடியது. அவள் நோட்டை எடுத்து முதல் டிக் போட்டாள்.

ஸ்கிரிப்டை அவளுடைய எடிட்டரில் ஓடவிட்டோம். மறுபடி சிவப்பு. ப்ராஜ்.டிபி என்ற ஃபைல் பழைய வெர்ஷனாக இருக்கிறது, இது வேறொரு ப்ராஜ் நிறுவலிலிருந்து வந்தது என்று எரர். என் வழக்கமான பதில் செல்லுபடியாகாத இடம் இது. கோண்டாவில் போட்டாகிவிட்டது, சரியாகவில்லை. அன்றைக்குத்தான் நான் எரரை முதல் வரியிலிருந்து வாய்விட்டுப் படித்தேன், அவளுக்காகத் தமிழில் சொல்லிக்கொண்டே. அதில் ஒரு ஃபோல்டரின் பாதையும் இருந்தது. அந்தப் பாதை நாங்கள் திறந்த என்விரான்மென்டில் இல்லை. காலேஜ் நாளில் நிறுவிய வேறொரு வரைபட மென்பொருளின் ஃபோல்டர். அது தன்னுடைய ப்ராஜ்.டிபி இருக்கிற இடத்தை எல்லா மென்பொருளும் படிக்கிற பொதுக் குறிப்பான விண்டோஸின் என்விரான்மென்ட் வேரியபிளில், ப்ராஜ்_லிப் என்ற பெயரில், எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறது. எடிட்டர் எங்கள் பைத்தானை எடுத்துக்கொண்டதே தவிர, என்விரான்மென்டை முறைப்படி ஆக்டிவேட் செய்யவில்லை. அதனால் புது ப்ராஜ் பழைய ஃபைலைத் திறந்து பார்த்து, இது என்னுடையது இல்லை என்று சொல்லிவிட்டது. வேரியபிளை எடுத்துவிட்டு, ஆக்டிவேட் செய்த டெர்மினலிலிருந்து ஓட்டினால் போதும். ஐந்து நிமிஷ வேலை.

"அந்த ஃபைல்ல அப்படி என்னதான்க்கா இருக்கு?" என்று கேட்டாள். நாலு நாளில் அவள் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்க வேண்டும், அதுவரை எல்லாம் கட்டளைகள்தான். ப்ராஜ்.டிபி ஒரு எஸ்க்யூலைட் டேட்டாபேஸ், திறந்து பார்க்கலாம். திறந்தோம். உலகத்தில் நிலத்தை அளக்க வைத்திருக்கிற ஆயத்தொலைவு முறைகள் ஆயிரக்கணக்கில் வரிசையாக. ப்ராஜ் 1980களில் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தில் ஜெரால்டு எவென்டன் எழுதியது. இந்த டேட்டாபேஸ் வடிவம் 2019-ல் ப்ராஜ் 6-ஓடு வந்தது. தேடு பெட்டியில் இந்தியா என்று அடித்தாள். கல்யாண்பூர் 1975 என்று வந்தது. எவரெஸ்ட் என்று அடித்தாள், 1830 என்று வந்தது.

அவள் முகம் மாறியது அப்போதுதான். "இது எனக்குத் தெரியும்க்கா" என்றாள். அப்புறம் அவள் பேச ஆரம்பித்தாள். ஆங்கிலேய நில அளவையாளர் வில்லியம் லாம்டன் 1802-ல் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து நாடு முழுக்க முக்கோணம் போட ஆரம்பித்தது, அந்தக் கணக்கைச் சரிபார்க்க 1804-ல் இதே பெங்களூருக்குப் பக்கத்தில் இன்னொரு அடிக்கோடு அளந்தது, பிறகு அவர் இடத்துக்கு ஜார்ஜ் எவரெஸ்ட் வந்து பூமியின் வடிவத்துக்கு 1830-ல் எண் கொடுத்தது, மத்தியப் பிரதேசத்துக் கல்யாண்பூரை மூலப்புள்ளியாக வைத்தது, அந்தக் கணக்கில் வரைந்த பழைய சர்வே வரைபடத்தை இன்றைய ஜிபிஎஸ் கணக்கோடு அப்படியே பொருத்தினால் இடம் நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப்போவது. எல்லாம் இரண்டாம் செமஸ்டர். எனக்குப் பாதிதான் தெரியும். "அப்ப இந்த ஃபைல் இல்லன்னா ஏரி எங்க இருக்குன்னே அதுக்குத் தெரியாது, இல்லக்கா?" என்றாள். ஆமாம், அவ்வளவுதான். காணோம், காணோம் என்று நாலு நாளாக மெஷின் கத்திக்கொண்டிருந்தது அவள் படித்த படிப்பைத்தான். அதற்கு அவள் போட்டுக்கொண்ட அர்த்தம், எனக்கு ப்ரோக்ராமிங் வராது.

இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் நல்ல ஒரு சனிக்கிழமைக் கதையாக முடிந்திருக்கும்.

200 ஏக்கர்

ஸ்கிரிப்ட் ஓடி முடிந்தது. ஒரு எரர் இல்லை, ஒரு எச்சரிக்கை வரி இல்லை. நாற்பது ஏரிகளுக்கும் ஏக்கர் கணக்கு வரிசையாக வந்துவிட்டது. அவள் கைதட்டினாள். நான் காபி போட எழுந்தேன். எழுந்தவள் ஸ்கிரீனைச் சும்மா ஒரு பார்வை பார்த்தேன். பெல்லந்தூர், 200 ஏக்கர் சொச்சம்.

ரிங் ரோட்டில் தினமும் போய்வருகிற யாருக்கும் பெல்லந்தூர் ஏரி தெரியும். நுரை பொங்கியதும் தீப்பிடித்ததும் ஊரறிந்தது. நகரத்திலேயே பெரிய ஏரி, சுமார் 900 ஏக்கர். "இது கம்மியா இருக்கே" என்றேன். அவள் தயங்கவே இல்லை. "ஆக்கிரமிப்புதான்க்கா. எல்லா ஏரியும் போயிட்டுதானே இருக்கு. ஆபீஸ்ல இதைத்தான் சொல்றாங்க." எனக்குச் சட்டென்று உடம்பு கூசியது. அவள் சொன்னது நம்பும்படியாக இருந்தது. பெங்களூரில் எந்தக் கூட்டத்தில் இந்த அட்டவணையைக் காட்டினாலும் ஒருவரும் கேள்வி கேட்க மாட்டார்கள். நாம் எல்லோரும் ஏற்கனவே நம்பிக்கொண்டிருப்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. கோபப்படுவார்கள், கடிதம் எழுதுவார்கள், செய்தியாகக்கூட வரலாம். அப்புறம் என்றாவது ஒருநாள் ஏரியில் நிஜமாகவே மண் கொட்டியவர் வந்து, உங்கள் கணக்கே தப்பு என்று நிரூபித்துவிட்டுப் போவார். அதற்குப் பிறகு அந்த அமைப்பு உண்மையைச் சொன்னாலும் யார் கேட்பார்கள்?

மற்ற ஏரிகளைப் பார்த்தோம். அல்சூர் ஏரி, எங்கள் மாடியிலிருந்து நடந்தால் பத்து நிமிஷம். அதுவும் இருக்க வேண்டியதில் நாலில் ஒரு பங்குதான். எல்லாமே நாலில் ஒரு பங்கு. ஆக்கிரமிப்பு இப்படிச் சீராக நடக்காது. "இதைக் க்யூஜிஐஎஸ்ல போட்டுப் பாரு" என்றேன். வரைபட ஃபைல்களைத் திறந்து பார்க்கிற மென்பொருள் அது. ஸ்கிரிப்ட் எழுதிய ஃபைலைத் திறந்தாள். அடியில் இருந்த பெங்களூர் வரைபடத்தின் மேல் ஒன்றும் வரவில்லை. லேயர் இருக்கும் இடத்துக்குப் போகச் சொன்னோம். திரை முழுக்க நீலமாகி நின்றது. கொஞ்சம் பின்னால் இழுத்தால், நார்வேக்கு வடக்கே ஸ்வால்பார்டு தீவுகள், அதற்கு மேற்கே கடலில் சின்னச் சின்னப் புள்ளிகளாக நாற்பது ஏரிகள்.

நான் டேட்டாவைச் சந்தேகப்பட்டேன், ஷேப்ஃபைலைச் சந்தேகப்பட்டேன். அவள் அந்தப் புள்ளி ஒன்றின் மேல் மவுஸை வைத்துக் கீழே வருகிற எண்ணைப் படித்தாள். வடக்கு 77.67, கிழக்கு 12.93. "அக்கா, மாறி வந்திருக்கு" என்றாள். பெல்லந்தூரின் தீர்க்கரேகை 77.67, அட்சரேகை 12.93. இரண்டும் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. ஏன் நாலில் ஒரு பங்கு என்பதையும் அவளே சொன்னாள், நான் கூகுளைத் திறப்பதற்குள். தீர்க்கரேகையில் ஒரு டிகிரி என்பது பூமத்திய ரேகையில் 111 கிலோமீட்டர். வடக்கே போகப் போகக் கோடுகள் நெருங்கும், 77 டிகிரிக்கு மேல் 24 கிலோமீட்டர்தான். ஏரியை ஒரு பக்கமாகப் பிடித்து நசுக்கிய மாதிரி.

காரணம் பழைய கதை. அட்சம் முதலில் வருமா, தீர்க்கம் முதலில் வருமா என்பதில் இந்தத் துறையில் எப்போதும் இரண்டு கட்சி. ஆயத்தொலைவு முறைகளுக்கு எண் கொடுக்கிற இபிஎஸ்ஜி பட்டியலில் 4326 என்பது ஜிபிஎஸ் கணக்கின் அட்ச, தீர்க்க முறை. அதன் அதிகாரபூர்வ வரையறையில் அட்சம்தான் முதல். மென்பொருள்கள் வழக்கமாகத் தீர்க்கத்தை முதலில் வைத்தன, எக்ஸ் பிறகு ஒய் என்பதுபோல. ஜிடாலின் பழைய வெர்ஷன்கள் வழக்கத்தோடு போயின. 2018-ல் பல நிறுவனங்கள் சேர்ந்து பணம் போட்டு, ஊர்கூடித் தேர் இழுப்பதுபோல, ஜிடாலின் ஆயத்தொலைவுப் பகுதியை மொத்தமாகத் திருத்தி எழுதவைத்தார்கள். முக்கியமாக அதைச் செய்தவர் ஈவன் ருவால்ட். 2019 மே மாதம் வந்த ஜிடால் 3.0-விலிருந்து வரையறையின் வரிசைதான் செல்லும். சரியான மாற்றம் என்பதே என் எண்ணம். ஆனால் 2018-ல் எழுதிய ஸ்கிரிப்டுக்கு அது தெரியாதே. அது ஃபைலிலிருந்து ஆயத்தொலைவு முறையை எடுக்காமல், தானே 4326 என்று எண்ணைச் சொல்லிக் கேட்கிறது. அங்கிருந்து, பூமியை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கிற யூடிஎம் முறையின் 43-ஆம் மண்டலத்துக்கு மாற்றுகிறது. பழைய வரிசையே வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் சரி. சேர்த்தோம். பெல்லந்தூர் 900-க்கு வந்தது, அல்சூர் ஏரி நடந்துபோகிற தூரத்துக்கு வந்தது.

(யூடிஎம் 43 என்றதும் அவள் சொன்ன ஒன்றை விட மனமில்லை. பெங்களூர் 43-ஆம் மண்டலம். நாங்கள் ஊருக்குப் போகிற பஸ் ஓசூரைத் தாண்டி கிருஷ்ணகிரி வருவதற்குள் 78 டிகிரியைக் கடந்து 44-க்குள் நுழைந்துவிடும். சங்கரன்கோவிலில் இறங்கும்போது மறுபடி 43. அவள் ஒவ்வொரு தடவையும் ஜன்னலோரம் உட்கார்ந்து போனில் அந்தக் கோட்டைப் பார்ப்பாளாம்.)

சொல்கிற எரர், சொல்லாத எரர்

நாலு நாள் அவளை அழவைத்த எரர்கள் எல்லாம் உண்மையில் எதையாவது சொல்லிக்கொண்டிருந்தன. ஹெடர் இல்லை, வெர்ஷன் பொருந்தவில்லை, இந்த ஃபைல் என்னுடையது இல்லை. கடுமையான ஆங்கிலத்தில்தான், ஆனால் சொல்லின. ஏரியைக் கடலில் கொண்டுபோய் வைத்த தவறு ஒன்றுமே சொல்லவில்லை. நான் அனுப்பிவந்த பதில் என்ன செய்கிறது என்றால், சொல்கிற எரரைப் படிக்காமலே தாண்டிப் போகச் சொல்லித் தருகிறது. படித்துப் பழகாதவர் சொல்லாத எரரை எப்படித் தேடுவார்? இதை நினைத்தால், கும்பிடு பொம்மையோடு நன்றி சொல்லிப் போன அத்தனை பேரின் அட்டவணைகளும் எனக்குக் கண்ணில் நிற்கின்றன. அவர்களில் ஒருவரிடமாவது, ஓடினதும் வரைபடத்தில் போட்டுப் பார் என்று நான் சொல்லியிருக்கிறேனா? நினைவில்லை.

இதற்கு மறுபக்கம் உண்டு என்பதும் தெரியும். எல்லோருக்கும் ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார நேரமில்லை. ஆராய்ச்சி மாணவர் ஒருவர் நாளை மாலைக்குள் படம் தர வேண்டும் என்று தவிக்கும்போது, டேட்டாபேஸைத் திறந்து கல்யாண்பூரைக் காட்டிக்கொண்டிருப்பது உதவி ஆகாது. அவருக்கு ஓட வேண்டும், அவ்வளவுதான். இப்போது ஃபியோனா, ராஸ்டீரியோ எல்லாம் விண்டோஸுக்கும் ஜிடாலை உள்ளேயே வைத்துத் தயாராக வருகின்றன. பலருக்கு இந்தச் சண்டையே வராமல் போகலாம். நல்லதுதான். ஆனாலும் புவியியல் படித்த ஒரு பெண், தன் படிப்பே அந்த எரரின் மறுபக்கத்தில் இருப்பது தெரியாமல் ஊருக்குத் திரும்பிப்போக இருந்தாள். நிறுவுவதைப் பாடத்துக்கு முந்தின தொல்லையாக நினைத்து, கல்லூரியில் யாரும் அதைத் தொடுவதில்லை. முதல் வாரமே, ஒரு எரரைப் பலகையில் எழுதி, ஒவ்வொரு சொல்லும் யாரைக் கேட்கிறது என்று தமிழில் சொல்லிக்கொடுக்க ஒரு மணி நேரம் போதும். நான் வேறு வழி யோசித்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் தெளிவாகவில்லை. இப்போதைக்கு யாராவது ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால், கடைசி ஐந்து வரியை டைப் செய்து அனுப்பு என்று கேட்கிறேன். டைப் செய்யும்போதே சிலர் கண்டுபிடித்துவிடுகிறார்கள். சிலர் கோபித்துக்கொண்டு பதிலே போடுவதில்லை.

அன்று மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, எல்லாவற்றையும் வரிசையாக எழுதினாள். ஸ்வால்பார்டைக் கூட வரைந்தாள். எழுதிக்கொண்டிருந்தவள் பேனாவை நிறுத்தினாள். "அக்கா, போன மாசம் ஆபீஸ்ல எல்லா மெஷினையும் புதுசா மாத்துனாங்க. அதுக்கப்புறம் இதே ஸ்கிரிப்டை வேற டீம்ல ஓட்டிட்டாங்க. வடக்குப் பக்கத்து ஏரிகளுக்கு. ரிப்போர்ட்டும் அனுப்பிட்டாங்க."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் லேப்டாப்பை மூடாமல், போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். அவளுடைய சீனியரிடம் அவள் முதலில் கேட்டது கண்ணாடிக் கதவு வழியாக எனக்குக் கேட்டது. "சார், சனிக்கிழமை தொந்தரவு பண்றேன். அந்த ரிப்போர்ட்ல இருக்கிற ஏரிகளை யாராவது மேப்ல போட்டுப் பார்த்தீங்களா?"